பூட்டின வீடுகளுக்காக ஒரு நிமிடம்

ஒரு நிமிடத்தில் எதையும் சொல்லி முடிக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. சாவகச்சேரிச் சந்தையில் கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்டாலே, எந்த ஊர், ஆருடைய மகள், எங்கே கலியாணம் கட்டினது என்பதெல்லாம் முடிந்த பிறகுதான் விலை வரும். அப்படிப்பட்ட இடத்தில் பிறந்து வளர்ந்த என்னைப் பார்த்து, கொழும்பிலிருந்து வந்த ஒரு பிள்ளை, "அக்கா, உங்கட தொழிலப் பத்தி ஒரு நிமிஷத்தில சொல்லுங்க பாப்பம்" என்றாள். நான் எழும்பி நின்று சேலையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தேன். அவள் கையை உயர்த்தி நிமிடம் முடிந்தது என்று காட்டியபோது, என் அப்பா படித்த பள்ளிக்கூடம் வரைக்கும்தான் வந்திருந்தேன்.

"தொழில் எங்க அக்கா?" என்று கேட்டாள்.

"அது இனித்தான் வரும்" என்றேன். மண்டபம் முழுக்கச் சிரித்தது.

வகுப்பு யாழ்ப்பாண நகரத்து ஹோட்டல் ஒன்றின் மேல்மாடியில் நடந்தது. சிறுதொழில் செய்கிற பெண்களுக்கான பயிற்சி. முறுக்குச் சுடுகிறவர்கள், சட்டை தைக்கிறவர்கள், கேக் அலங்கரிக்கிறவர்கள் என்று பல பேர் வந்திருந்தோம். பெரிய முதலாளி ஒருவரோடு தற்செயலாக லிப்டில் ஏறுகிறோம் என்று வைத்துக்கொள்ள வேண்டுமாம். அவர் இறங்க வேண்டிய மாடி வருவதற்குள் நாங்கள் யார், என்ன செய்கிறோம், அவரிடமிருந்து என்ன வேண்டும் என்று சொல்லி முடித்துவிட வேண்டுமாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சாவகச்சேரியில் உயரமான இடம் என்றால் கோயில் கோபுரம்தான், அதற்கு லிப்ட் கிடையாது. அந்த ஹோட்டலில் இருந்த லிப்டிலும் எங்களில் ஒருத்தியும் ஏறவில்லை. இடையில் கரண்ட் போனால் என்ன செய்வது என்று எல்லோரும் படியாலேயே ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து லிப்டுக்குள் பேசுவது எப்படி என்று படித்தோம்.

எங்கள் தொழில் பூட்டின வீடுகளைப் பார்ப்பது. எங்கள் என்றால் நானும் என் கணவரும்.

கனடாவுக்கும் லண்டனுக்கும் போனவர்களின் வீடுகள் இங்கே ஊருக்கு ஊர் பூட்டிக் கிடக்கின்றன. நாங்கள் கிழமைக்கு ஒருமுறை போய் யன்னல்களைத் திறந்துவிடுவோம். கூட்டித் துடைப்போம். தண்ணீர் மோட்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவோம், இல்லாவிட்டால் இறுகிப் போகும். கறையான் ஏறியிருக்கிறதா, ஓடு விலகியிருக்கிறதா, வௌவால் குடிவந்திருக்கிறதா என்று பார்ப்போம். கேட்டவர்களின் சாமியறையில் வெள்ளிக்கிழமை விளக்கும் வைப்போம். எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்து அனுப்புவோம். அவர்கள் அங்கே குளிருக்குள் போர்த்துக்கொண்டு இருந்து பார்த்துவிட்டு, "அந்தக் கறுத்தக்கொழும்பான் காய்ச்சிருக்கோ, கிட்டக் கொண்டுபோய்க் காட்டுங்கோ" என்பார்கள். மாமரத்துக்குக் கிட்டப் போய்க் காட்டுவேன். ஒருவர் மாங்காயைக் கண்டுவிட்டு அழுதே விட்டார். அதற்கு நாங்கள் தனியாகக் கட்டணம் எடுப்பதில்லை.

என் கணவர் வயரிங் வேலை தெரிந்தவர். புது வீடு கட்டுகிறவர்கள் குறைந்ததும் அவருக்கு வேலையும் குறைந்தது. வீடு பார்க்கிற தொழில் நன்றாகப் பிடித்துக்கொண்டுதான் வந்தது, வீட்டுக்காரர் எல்லோருக்கும் திருப்தி. ஆனால் கையில் இருந்த வீடுகள் ஒரு குடும்பம் முழுக்க நம்பி இருக்கப் போதாது. அதனால் அவர் வேலைக்காகக் கட்டாருக்குப் போக ஒரு ஏஜென்டிடம் கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டு இருந்தார். போக அவருக்கும் விருப்பமில்லை, அனுப்ப எனக்கும் விருப்பமில்லை. விருப்பமில்லை என்பதை இருவரும் ஒருவருக்கு ஒருவர் சொல்லாமல், சூட்கேஸ் வாங்குவதைப் பற்றி மட்டும் கதைத்துக்கொண்டு இருந்தோம்.

இந்த நிலையில்தான் அந்த வகுப்புப் பற்றித் தெரியவந்தது. கடைசி நாளன்று லண்டனிலிருந்து ஒரு மேடம் வருவாராம். அங்கே ஓர் அலுவலகம் வைத்து, இங்கே வீடு உள்ளவர்களின் அலுவல்களைப் பார்க்கிறவர். அவர்களின் வீடுகளை எல்லாம் மொத்தமாக ஒப்படைக்க இங்கே நம்பிக்கையான ஆட்களைத் தேடுகிறாராம். அந்த மேடத்துக்கு முன்னால் எனக்கு ஒரு நிமிடம் கிடைக்கும். அந்த நிமிடம் சரியாக வந்தால் என் கணவர் வீட்டில் நிற்பார். பிழையாகப் போனால் கட்டார். நான் வகுப்புக்குப் போனது அதற்காக மட்டுந்தான்.

முதல் நாள் அப்பாவின் பள்ளிக்கூடத்தோடு நின்ற பேச்சை, அன்று பின்னேரம் வீட்டில் புதிதாக எழுதினேன். என் கணவர் போனில் நேரத்தைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருந்தார். நான் அலுமாரிக்கு முன்னால் நின்று, குரலைத் தாழ்த்தி, "கடல் கடந்து வாழும் எம் உறவுகளே, நீங்கள் பிறந்து தவழ்ந்த இல்லம் இன்று தனிமையில் வாடுகிறது" என்று தொடங்கினேன்.

அவர் போனை மடியில் வைத்தார். "உது ரேடியோவிலை போற மரண அறிவித்தல் மாதிரிக் கிடக்கு. இனிக் கிரியை எத்தினை மணிக்கெண்டும் சொல்லும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "அப்ப நீங்கள் எழுதுங்கோவன்" என்றேன்.

"எனக்கு எழுத வராது. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டால் ஆரும் திறப்புத் தரமாட்டினம். மலர்வளையம்தான் அனுப்புவினம்."

திறப்பு என்று நாங்கள் சொல்வது சாவியை. அன்றைக்கு இரண்டாவது பேச்சும் குப்பைக்குப் போனது.

சரியான பேச்சு வந்தது வகுப்பில், தேத்தண்ணி இடைவேளையில். எனக்குப் பக்கத்துக் கதிரையில் குருநகரிலிருந்து வந்த ஓர் அக்கா இருப்பார். கருவாடும் இறால் சம்பலும் போத்தலில் போட்டு விற்கிறவர். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, குரல் கரையில் நின்று கடலுக்குக் கூப்பிடுகிற குரல். அவர் என்னிடம், "சொந்தக்காரர் இஞ்சை இருக்கேக்கை ஏன் பிள்ளை வெளியாளிட்டை வீட்டைக் குடுக்கினம்?" என்று கேட்டார்.

நான் நல்லூரில் நாங்கள் பார்க்கிற ஒரு வீட்டின் கதையைச் சொன்னேன். அந்த வீட்டுக்காரர் கனடாவில். திறப்பைத் தன் மாமியிடம் கொடுத்துவிட்டுப் போனார். மாமி நல்ல மனுசி. ஆனால் மழைக் காலத்தில் ஆட்டுக்கு ஒதுங்க இடமில்லை என்று ஆட்டைக் கொண்டுவந்து அந்த வீட்டு விறாந்தையில் கட்டினார். பிறகு ஆடு குட்டி போட்டது. குட்டிகளுக்குக் குளிர் ஆகாது என்று ஹோலுக்குள் விட்டார். வீட்டுக்காரர் திருவிழாவுக்கு வந்து கதவைத் திறந்தால், அவருடைய சோபாவில் ஓர் ஆடு இருந்து அசை போட்டுக்கொண்டிருக்கிறது. அவர் மாமியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச ஏலாது, அவரை வளர்த்த மாமி. ஹோட்டலில் போய் நின்றுவிட்டு, போகிற அன்று எங்களிடம் திறப்பைத் தந்தார்.

"மாமியை ஏசேலாது. எங்களை ஏசலாம். அதுக்குத்தான் நாங்கள்" என்றேன்.

குருநகர் அக்கா தேத்தண்ணி புரைக்கேறச் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். பயிற்சி தந்த பிள்ளை மறுபக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "அக்கா, இதுதான். இதத்தான் நீங்க சொல்லணும்."

"ஆட்டுக் கதையையோ?"

"ஓமக்கா, ஆட்டுக் கதைய." எங்களோடு இருந்து அவளுக்கும் ஆமாம் போய் ஓம் வந்துவிட்டிருந்தது.

அப்படித்தான் என் பேச்சு உருவானது. முதலில் சோபாவில் ஆடு. பிறகு மாமியை ஏச ஏலாது, எங்களை ஏசலாம். பிறகு நாங்கள் என்னென்ன செய்வோம் என்பது. கடைசியில், உங்கள் கையில் உள்ள வீடுகளை எங்களிடம் தாருங்கள் என்று நேராகக் கேட்பது. அப்பாவையும் அவருடைய பள்ளிக்கூடத்தையும் மனவருத்தத்தோடு வெட்டினேன். வீட்டில் சொல்லிக் காட்டியபோது என் கணவர் சிரித்து முடிக்கவே நேரம் எடுத்தது. "இப்ப நான் கூடத் திறப்புத் தருவன்" என்றார்.

எல்லாம் சரியாக வந்தது. ஒரு வில்லங்கம் மட்டும் மீந்து கிடந்தது, அது எனக்கு மட்டும் உரியதல்ல. எங்கள் ஆட்கள் தங்களுக்கு நல்லாப் போகிறது என்று வாயால் சொல்ல மாட்டார்கள். வெங்காயம் விளைந்து வீடு கொள்ளாமல் கிடந்தாலும், கேட்டால் "ஏதோ கொஞ்சம் வந்தது" என்பார்கள். பிள்ளை டொக்டருக்கு எடுபட்டாலும் "ஏதோ கடவுள் கண் திறந்தார்" என்பார்கள். சொன்னால் கண்ணூறு படும். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று சும்மாவா சொன்னார்கள்? கட்டுகிற வீட்டுக்கு முன்னால் வெருளிப் பொம்மை கட்டித் தூக்குகிற சனம் நாங்கள். வாயால் மட்டும் சொந்தப் பெருமை பேசுவோமா?

அந்தப் பிள்ளைக்கு இது விளங்கவே இல்லை. ஒருநாள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, "என் தொழில் நல்லாப் போகுது" என்று ஒவ்வொருத்தராகச் சொல்லச் சொன்னாள். கேக் செய்கிறவர் சொல்லிவிட்டு உடனே நிலத்தில் துப்புகிற மாதிரிப் பாவனை செய்தார். தையல்காரி, "நல்லாத்தான் போகுது, ஆனால் மெசின் பழுது" என்றாள். குருநகர் அக்கா மாதாவைக் கும்பிட்டுக்கொண்டு சொன்னார். நான் "பறவாயில்லாமல்" வரைக்கும் வந்தேன். அதற்கு மேல் நாக்கு எழும்பவில்லை. அந்தப் பிள்ளை தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

கடைசி நாள் வந்தது. லண்டன் மேடம் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். தலைமயிரைக் கட்டையாக வெட்டி, பருத்திச் சேலை உடுத்தி, முன்வரிசையில் இருந்தார். சின்ன வயதிலேயே போய்விட்டவராம். தமிழ் நன்றாகப் பேசினார், ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைத்துப் பேசுகிற தமிழ்.

என் முறை வந்தது. எழும்பி முன்னால் போய் நின்றேன். ஆடு சோபாவில் ஏறியதும் மேடம் வாய்விட்டுச் சிரித்தார். மாமியை ஏச ஏலாது என்றதும் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். நான் கேட்க வேண்டியதை நேராகக் கேட்டு முடித்தபோது நிமிடத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பின்வரிசையில் குருநகர் அக்கா கைதட்டத் தொடங்கிவிட்டார். அந்த இடத்தில் நான் வணக்கம் சொல்லிவிட்டு வந்து கதிரையில் இருந்திருந்தால் கதை முடிந்திருக்கும்.

மேடம் சிரித்த முகத்தோடு, "மிகவும் சந்தோசம். அப்ப, தொழில் எப்படிப் போகுது?" என்று கேட்டார்.

"ஏதோ போகுது மேடம்" என்றது என் வாய்.

அதோடு நின்றதா? இல்லை. கண்ணூறு படாமல் இருக்க எங்கள் ஆட்கள் ஒரு குறையைச் சொன்னால் போதாது, சுற்றிவர வேலி மாதிரிக் குறை அடைப்பார்கள். "பெரிசா ஒண்டும் இல்லை. ஏதோ கொஞ்ச வீடு. இதை நம்பி இருக்கேலாது. இவரும் கட்டாருக்குப் போறதெண்டு நிக்கிறார்" என்று வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டே போனது. நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது அந்த நுணல் சாவகச்சேரிக்காரி என்று எனக்குத் தெரியாது.

மேடத்தின் முகத்தில் சிரிப்பு மெல்ல இறங்கியது. "ஓ, அப்படியா?" என்று சொல்லிவிட்டு முன்னால் இருந்த தாளில் ஏதோ எழுதினார். பயிற்சி தந்த பிள்ளை யன்னலுக்கு வெளியே பார்த்தாள். நான் வந்து கதிரையில் இருந்தேன். காது இரண்டும் சுட்டன.

குருநகர் அக்கா என் பக்கம் குனிந்து, "உனக்கென்ன விசரோடி?" என்றார்.

"வாயிலை வந்திட்டுது அக்கா."

"வாயிலை வாறதெல்லாத்தையும் சொல்லுறதோ? நான் கருவாடு விக்கேக்கை நாறுது எண்டு சொல்லியோ விக்கிறனான்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மிச்சம் எல்லோரும் பேசி முடியும்வரை நான் ஒன்றையும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் அவரிடம் என்ன சொல்வது என்றே யோசித்துக்கொண்டு இருந்தேன். போகிற வழியில் சூட்கேஸ் கடை வேறு இருக்கிறது.

நிகழ்ச்சி முடிந்தது. எல்லோரும் படியால் இறங்கத் தொடங்கினார்கள். மேடம் தனியாக லிப்டுக்கு முன்னால் போய் நின்றார். குருநகர் அக்கா அதைக் கண்டார். என் முழங்கையைப் பிடித்தார். எனக்கு விளங்கியதும், "ஐயோ வேண்டாம் அக்கா" என்றேன். லிப்ட் கதவு திறந்து, மேடம் உள்ளே போய், கதவு மூடப் போன நேரம் அக்கா என் முதுகில் இரண்டு கையையும் வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார். வள்ளத்தைக் கடலுக்குள் தள்ளுகிற குடும்பத்தின் கை அது. நான் உள்ளே போய் எதிர்ச்சுவரில்தான் நின்றேன். கதவு மூடியது.

மேடம் பயந்து போனார். "நீங்கள் ஓகேயா?"

"ஓம் அக்கா." மேடம் என்ற சொல் எங்கே போனதோ தெரியாது, அக்கா என்றுதான் வந்தது.

அவர் என்னை அடையாளம் கண்டார். "நீங்கள் ஆட்டுக் கதை சொன்னவர். மிகவும் நன்றாக இருந்தது. ஆனால் தொழில் சரியாகப் போகவில்லை என்று சொன்னீர்கள். எனக்குக் கவலையாக இருந்தது."

லிப்ட் இறங்கத் தொடங்கியது.

"நல்லாப் போகுது அக்கா" என்றேன். சொல்லிவிட்டேன். வானம் இடியவில்லை. "நல்லாத்தான் போகுது. திறப்புத் தந்த ஒருத்தரும் திருப்பி வாங்கேல்லை. இஞ்சை அப்பிடிச் சொல்லுறேல்லை, அதுதான். கண்ணூறு படுமெண்டு குறைச்சுச் சொல்லுறது."

அவர் என்னையே பார்த்தார். பிறகு, "என்னுடைய அம்மாவும் அப்படித்தான்" என்றார். "நான் பட்டம் வாங்கிய அன்று, வந்தவர்களுக்கு என் கையெழுத்துச் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு நின்றார். எனக்கு அன்று சரியான கோபம்." கொஞ்சம் சிரித்தார். பிறகு அலுவலகக் குரலில் கேட்டார், "தொழில் நன்றாகப் போனால் உங்கள் கணவர் ஏன் கட்டாருக்குப் போகிறார்?"

இதற்கு நான் பேச்சுத் தயாரிக்கவில்லை. அந்தப் பிள்ளையும் சொல்லித் தரவில்லை. என் கணவரிடம்கூட நான் சொல்லாததுதான் வாயில் வந்தது.

"இருக்கிற வீடுகள் காணாதக்கா, அதுதான் போறார். அவர் போனால் நானும் எத்தினை நாளைக்குத் தனிய இருப்பன்? அம்மா வீட்டை போயிடுவன். பிறகு எங்கடை வீட்டையும் பூட்டத்தான் வேணும். ஆரோ ஆக்களின்ரை வீடுகளுக்கெல்லாம் யன்னல் திறந்துவிடுறன். என்ரை வீட்டுக்கும் ஆரும் வந்து யன்னல் திறந்துவிடுற நிலைமை வரக்கூடாதெண்டுதான் கேக்கிறன்."

லிப்ட் கீழே வந்து நின்றது. கதவு திறந்தது. மேடம் இறங்கவில்லை. கதவு தன்பாட்டில் மூடியது, நாங்கள் இருவரும் உள்ளேயே நின்றோம். படியால் இறங்கி ஓடிவந்த குருநகர் அக்கா கதவு திறந்ததைக் கண்டு, பிறகு மூடியதையும் கண்டு, உள்ளே ஏதோ அடிபிடி என்று நினைத்து வெளியே நின்று கதவில் தட்டியது கேட்டது.

"எனக்கும் அரியாலையில் ஒரு வீடு இருக்கிறது" என்றார் மேடம். அப்போதுதான் அவருடைய தமிழ் மாறியது. எடுத்து வைத்த சொற்கள் கழன்று, எங்கள் பேச்சு வந்தது. "அம்மாவும் கண்மூடினாப்பிறகு நான் உள்ளுக்குப் போகேல்லை. ஒவ்வொரு முறையும் வாறன், வாசல் கேற்றடியிலை நிண்டு பாக்கிறன், திரும்பி இஞ்சை ஹோட்டலுக்கு வாறன். ஊரிலை எல்லாற்றை வீட்டையும் பாக்க ஆள் தேடுறன். என்ரை வீட்டைத் திறக்கப் பயம்."

"நாளைக்கு வாறம் அக்கா" என்றேன். "நீங்கள் கேற்றடியிலையே நில்லுங்கோ. நாங்கள் திறக்கிறம்."

மறுநாள் காலையில் நானும் என் கணவரும் மோட்டார் சைக்கிளில் அரியாலைக்குப் போனோம். அவருக்கு லிப்டுக்குள் நான் என்ன சொன்னேன் என்று முழுவதும் சொல்லவில்லை. வேலை கிடைக்கலாம், முதலில் ஒரு வீட்டைத் திறந்து காட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். மேடம் ஓட்டோவில் வந்து, சொன்னபடியே கேற்றடியில் நின்றார். கேற் பூட்டு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. என் கணவர் தேங்காய் எண்ணெய் விட்டு, தட்டி, ஊதி, ஒரு பிள்ளையைத் தாலாட்டுகிற பொறுமையோடு அதைத் திறந்தார்.

உள்ளே நாங்கள் பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. தூசி, எலிப்புழுக்கை, குசினி அடுப்புக்கு மேலே ஒரு குளவிக்கூடு. ஆடு இல்லை. நான் யன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். கடைசி யன்னலைத் திறந்தபோது, கேற்றடியில் நின்ற மேடம் வளவுக்குள் வந்து முற்றத்தில் நிற்பது தெரிந்தது. என் கணவர் கிணற்றடியில் மோட்டரைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அது இருமியது, செருமியது, பிறகு தண்ணீரைக் கொட்டியது. மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தண்ணீரில் போய்க் காலை நனைத்தார். பிறகு வீட்டுக்குள் போனார். நாங்கள் வெளியே நின்றோம். அறை அறையாக அவர் நடக்கிற சத்தம் கேட்டது.

வெளியே வரும்போது அவருக்கு மூக்கு சிவந்திருந்தது. நேரே ஓட்டோவுக்குப் போய் ஒரு பழைய பிஸ்கட் தகரப் பேணியை எடுத்துக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்து காட்டினார். முழுக்கத் திறப்புகள். ஒவ்வொன்றிலும் நூலால் ஒரு காகித மட்டை கட்டி, நல்லூர், கோப்பாய், சாவகச்சேரி என்று ஊர்ப் பெயர் எழுதியிருந்தது.

"எல்லாத்தையும் பாருங்கோ" என்று பேணியை என் கணவரின் கையில் வைத்தார். "நான் லண்டனிலை இருந்து உங்களை ஏசுவன்."

"தாராளமா ஏசுங்கோ" என்றார் என் கணவர். பேணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரிப் பிள்ளைப்பேற்று வாட்டில் முதன்முதல் பிள்ளையைக் கையில் கொடுத்தால் ஆண்கள் நிற்கிற நிலை அது. அந்த நேரம் பார்த்து அவருடைய சேட்டுப் பொக்கற்றுக்குள் போன் அடித்தது. எடுக்கக் கை இல்லை. நான் எட்டி எடுத்துப் பார்த்தேன். ஏஜென்ட்.

"அவர்தான்" என்றேன்.

என் கணவர் பேணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் வரேல்லை எண்டு சொல்லும்" என்றார். எவ்வளவு நாளாக அதைச் சொல்லக் காத்திருந்தார் என்று அந்தக் குரலில் எனக்கு விளங்கியது.

நான் போனைக் காதில் வைத்தேன். விசா சரி வந்துவிட்டது, பிரயாணத்துக்கு ஆயத்தப்படுத்தச் சொல்லுங்கோ என்று ஏஜென்ட் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு போனார். "அவர் வரேல்லை அண்ணை" என்றேன். "ஏன் தங்கச்சி, என்ன காரணம்?" என்று கேட்டார். காரணத்தைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. "ஹலோ, ஹலோ" என்று ஏஜென்ட் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஆரும் செத்துப்போயிட்டினமோ என்றும் கேட்டார்.

என் கணவர் பேணியை நிலத்தில் வைத்துவிட்டு வந்து, என் கையிலிருந்து போனை வாங்கி நிறுத்தினார். "ஏனப்பா அழுகிறீர், இப்ப நான் எங்கை போயிட்டன்?" என்றார். மேடம் மரியாதைக்கு மறுபக்கம் திரும்பி, மதிலில் ஓடின அணிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.